மேசைக்கு வராதவர்கள்: கைத்தொலைபேசி பற்றிய மூன்று நூல்களை முன்வைத்துச் சில குறிப்புகள்

எமது ஒன்றுகூடல்களில் இன்று எவரும் மறுக்காத கருத்து ஒன்று உண்டென்றால், அது கைத்தொலைபேசி மனித உறவுகளைக் கெடுத்துவிட்டது என்பதுதான். அரசியலில் எதிரெதிர் முகாம்களில் நின்று முப்பது வருடமாக முகம் பார்க்காதவர்கள்கூட இந்த ஒரு விடயத்தில் கைகோர்த்துக் கொள்கிறார்கள். தமிழ்ப் பாடசாலை ஆண்டுவிழாவில் பிரதம விருந்தினர் இதைச் சொல்கிறார். கோயில் திருவிழாவில் ஐயர் சொல்கிறார். ஊர்ச்சங்கக் கூட்டத்தில் செயலாளர் சொல்கிறார். சபை கைதட்டுகிறது. (கைகளில் பாதி கைத்தொலைபேசியைப் பிடித்திருப்பதால் சத்தம் கொஞ்சம் குறைவாகத்தான் வருகிறது.) எல்லோரும் ஒரே குரலில் உடன்படும் ஒரு கருத்தைக் கொஞ்சம் திருப்பிப் பார்க்கவேண்டும் என்பது நான் விரிவுரையாளனாக இருந்த காலத்துப் பழக்கம். தொழிற்சாலையில் பதினைந்து வருடம் நின்ற பிறகும் அது போகவில்லை.

இக்கருத்து எமது கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்காவில் எழுதப்பட்ட சில நூல்களிலிருந்து பத்திரிகைகளுக்கும், பத்திரிகைகளிலிருந்து பாடசாலைப் பெற்றோர் கூட்டங்களுக்கும், அங்கிருந்து எமது மேடைகளுக்கும் இறங்கி வந்த கருத்து இது. எனவே மேடையோடு சண்டை பிடிப்பதைவிட நூலோடு பேசுவது நல்லது. இங்கு மூன்று நூல்களை எடுத்துக்கொள்கிறேன். முதல் இரண்டும் உலகப் புகழ் பெற்றவை. மூன்றாவதை எம்மவர் அதிகம் அறிந்திருக்க மாட்டார்கள். ஆனால் எமக்கு மிகக் கிட்டிய நூல் அதுதான்.

*

ஷெரி ரேர்க்கிள் அமெரிக்காவின் எம்.ஐ.ரி. நிறுவனத்தில் பேராசிரியை. கணினிக்கும் மனிதருக்கும் உள்ள உறவைப் பற்றி 1984இலிருந்து எழுதி வருபவர். ஆரம்பத்தில் அவர் கணினியின் எதிரி அல்லர். 1995இல் வந்த அவரது நூல், திரையில் மனிதர்கள் பல முகங்களை எடுத்துப் பரிசோதித்துப் பார்ப்பதை ஆர்வத்தோடு வரவேற்றது. 2011இல் வெளிவந்த 'அலோன் ருகெதர்' என்ற நூலில்தான் குரல் மாறியது. சேர்ந்திருந்தும் தனித்திருக்கிறோம் என்பது அதன் சாரம். 2015இல் வந்த 'றீகிளெய்மிங் கொன்வசேஷன்', அதாவது உரையாடலை மீட்டெடுத்தல், அதன் தொடர்ச்சி. நான் இங்கு பேசுவது இந்த இரண்டாவதைப் பற்றி.

நூலின் அமைப்பு அழகானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வோல்டன் குளக்கரையில் சிறு குடில் கட்டித் தனியே வாழ்ந்த தோரோ, தன் வீட்டில் மூன்று கதிரைகள் இருந்ததாக எழுதியிருந்தார். ஒன்று தனிமைக்கு, இரண்டு நட்புக்கு, மூன்று சமூகத்துக்கு. ரேர்க்கிள் தன் நூலை இந்தக் கதிரைகளின்படி பிரித்துக்கொள்கிறார். தனிமையில் இருக்கத் தெரியாதவனுக்கு மற்றவனோடு இருக்கவும் தெரியாது, கைத்தொலைபேசி முதலில் எமது தனிமையைப் பறிக்கிறது, பிறகு நட்பையும் குடும்பத்தையும், அதன்பின் பொதுவாழ்வையும் பறிக்கிறது என்று வாதம் படிப்படியாக ஏறுகிறது. கைத்தொலைபேசியைத் தூக்கி எறியச் சொல்லும் நூல் அல்ல இது. சமையலறை, சாப்பாட்டு மேசை, கார் போன்ற இடங்களில் அதை ஒதுக்கி வையுங்கள் என்றுதான் அவர் கேட்கிறார்.

இவற்றில் பல அவதானங்கள் உண்மையானவை என்பதை மறுப்பதற்கில்லை. மேசையில் கவிழ்த்து வைக்கப்பட்ட கைத்தொலைபேசி, அது ஒலிக்காவிட்டாலும், பேசும் விடயத்தை மாற்றிவிடுகிறது என்கிறார். இடையில் அறுந்தாலும் பரவாயில்லை என்ற அளவுக்குள் எமது கதையைச் சுருக்கிக்கொள்கிறோம். இதை எவரும் தன் வீட்டில் பார்க்கலாம். எமது பேச்சுத் தமிழில் 'கதை' என்ற ஒரே சொல்தான் கதைப்பதற்கும், கதைக்கும். கதைக்கு முதல், நடு, முடிவு வேண்டும். இடையில் ஒரு 'ரிங்' அடித்தால் கதை செத்துவிடும்.

பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. இந்நூலில் பேசுபவர்கள் யார்? பெரும்பாலும் பல்கலைக்கழக மாணவர்கள், நியூயோர்க் மாநிலத்தின் ஒரு பாடசாலை ஆசிரியர்கள், சட்ட நிறுவனங்களிலும் அலுவலகங்களிலும் வேலை செய்யும் படித்தவர்கள். இவர்களுக்கு ஒரு மேசை இருக்கிறது. மேசையைச் சுற்றி எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார நேரம் இருக்கிறது. உட்கார வேண்டியவர்கள் எல்லோரும் ஒரே நாட்டில் இருக்கிறார்கள். இம்மூன்றும் இருந்தால் கைத்தொலைபேசி உண்மையிலேயே வெளியிலிருந்து வந்த திருடன்தான். இம்மூன்றும் இல்லாதவர்களிடம் அது எதைத் திருடியது என்ற கேள்வியை நூல் கேட்கவில்லை.

நான் வேலை செய்யும் இடம் ரேர்க்கிள் கேட்கும் அந்தப் புனித வலயத்துக்கு மிகச் சிறந்த உதாரணம். உள்ளே போகும்போதே கைத்தொலைபேசியை லொக்கரில் வைத்துப் பூட்டவேண்டும். எட்டு மணித்தியாலம் எவர் கையிலும் அது இல்லை. உரையாடல் பெருக்கெடுத்து ஓடுகிறதா? காதில் அடைப்பான். முன்னால் ஓடும் பட்டி. பக்கத்தில் நிற்பவர் எரித்திரியாவிலிருந்து வந்தவர். நான்கு வருடமாக ஒருவருக்கொருவர் தலையசைக்கிறோம். பட்டியின் வேகம் எமது கதைக்கு இடைவெளி விட்டு நிர்ணயிக்கப்பட்டதல்ல. பிறகு முப்பது நிமிட இடைவேளை வருகிறது. அந்த முப்பது நிமிடமும் சாப்பாட்டு அறையில் எல்லோரும் தலையைக் குனிந்து திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வெளியிலிருந்து வரும் ஒரு பேராசிரியை பார்த்தால் இது 'சேர்ந்திருந்தும் தனித்திருத்தல்' என்று குறித்துக்கொள்வார். ஆனால் அந்த அறையில் ஒருவர் அஸ்மாராவிலிருக்கும் தாயோடும், இன்னொருவர் அலெப்போவில் எஞ்சியிருக்கும் தமையனோடும், மற்றொருவர் வாழைச்சேனையிலிருக்கும் பிள்ளையோடும் இருக்கிறார்கள். ஒருவர் சூதாடிக்கொண்டும் இருக்கிறார், அதையும் மறைக்கக்கூடாது. ஒரே குனிந்த தலை, நான்கு வேறு விடயங்கள். 'கைத்தொலைபேசிப் பாவனை' என்று ஒரே சொல்லில் இவற்றை அள்ளிக் கட்டுவதுதான் இத்தகைய நூல்களின் முதற் கோளாறு.

இரண்டாவது கோளாறு புள்ளிவிபரம். சேரா கொன்றாத் என்ற ஆய்வாளரும் குழுவினரும், அமெரிக்கக் கல்லூரி மாணவரிடையே பிறர்துயர் உணரும் தன்மை 1979க்குப் பின் ஏறத்தாழ 40 வீதம் குறைந்திருப்பதாகவும் அதன் பெரும் பகுதி 2000க்குப் பின் நிகழ்ந்ததாகவும் கண்டிருந்தார்கள். ரேர்க்கிளின் வாதத்துக்கு இது ஒரு தூண். உலகெங்கும் பத்திரிகைகள் எடுத்தாண்டதும் இதைத்தான். ஆனால் அந்தத் தரவுகள் 2009உடன் முடிகின்றன. ஐபோன் விற்பனைக்கு வந்ததே 2007இன் நடுப்பகுதியில். அதே கொன்றாத் பின்னர் 2018 வரையான தரவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, 2008 அளவிலிருந்து அத்தன்மை மீண்டும் ஏறியிருப்பதைக் கண்டார். அதாவது கைத்தொலைபேசி பரவிய வருடங்களில்! கைத்தொலைபேசி இரக்கத்தை வளர்த்தது என்று இதை வைத்துச் சொல்ல நான் முட்டாள் அல்ல. இரக்கம் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஒரு சமூகத்தில் வேறு காரணங்கள் உண்டு என்றே சொல்கிறேன். அமெரிக்கர்களின் கூட்டு வாழ்வு குலைவதைப் பற்றி றொபேட் பட்னம் எழுதிய 'போலிங் அலோன்' 2000இல் வந்த நூல். அப்போது குற்றவாளிக் கூண்டில் நின்றது தொலைக்காட்சி.

*

இரண்டாவது நூல் ஜொனதன் ஹைற் 2024இல் வெளியிட்ட 'தி அங்ஷஸ் ஜெனரேஷன்', பதற்றத் தலைமுறை எனலாம். நியூயோர்க் பல்கலைக்கழகத்தின் வணிகக் கல்லூரிப் பேராசிரியர். 2010க்கும் 2015க்கும் இடையில் குழந்தைப்பருவமே மாற்றி வடிவமைக்கப்பட்டது, விளையாட்டை அடிப்படையாகக் கொண்ட குழந்தைப்பருவம் போய்க் கைத்தொலைபேசியை அடிப்படையாகக் கொண்டது வந்தது, அதனால் இளம்பிள்ளைகளின் மனநலம், குறிப்பாகப் பெண்பிள்ளைகளின் மனநலம், சரிந்தது என்கிறார். உயர்தரப் பாடசாலைக்கு முன் ஸ்மாட்போன் கொடுக்காதே, 16 வயதுக்கு முன் சமூக ஊடகம் வேண்டாம், பாடசாலையில் கைத்தொலைபேசி வேண்டாம், பிள்ளைகளைச் சுதந்திரமாக வெளியில் விளையாட விடு: இவை அவர் விதிக்கும் நான்கு. அரசுகளும் இத்திசையில்தான் போகின்றன. பிரான்ஸ் 2018இலேயே கீழ்ப் பாடசாலைகளில் தடுத்தது. அவுஸ்திரேலியா 16 வயதுக்குக் குறைந்தோருக்குச் சமூக ஊடகக் கணக்குகளை மறுக்கும் சட்டத்தை 2024 நவம்பரில் நிறைவேற்றி 2025 டிசம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

இந்நூல் அறிஞர்களிடையே கடுமையான விவாதத்தைக் கிளப்பியது. உளவியலாளர் கன்டிஸ் ஒட்ஜேர்ஸ் 'நேச்சர்' சஞ்சிகையில் எழுதிய மதிப்புரையில், இரண்டு விடயங்கள் ஒரே காலத்தில் நிகழ்ந்தன என்பதைக் காரண காரியமாக்கிவிட முடியாது என்று வாதிட்டார். அதற்கு முன்பே 2019இல் ஏமி ஓர்பன், அன்ட்ரூ ஷிபில்ஸ்கி ஆகிய இருவரும் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இளம்பிள்ளைகளின் தரவுகளை ஆராய்ந்து, அவர்களது நல்வாழ்வில் காணப்படும் வேறுபாடுகளில் மிஞ்சிப்போனால் 0.4 வீதத்தைத்தான் திரைப் பாவனையோடு தொடர்புபடுத்தலாம் என்றார்கள். உருளைக்கிழங்கு சாப்பிடுவதற்கும் நல்வாழ்வுக்கும் உள்ள தொடர்பும் ஏறத்தாழ அந்த அளவுதானாம். சுவையான விடயம் என்னவென்றால், மேசையில் சும்மா கிடக்கும் கைத்தொலைபேசியே பேச்சின் நெருக்கத்தைக் குறைக்கிறது என்ற பரிசோதனையைச் சில வருடங்களுக்கு முன் இன்னொருவரோடு சேர்ந்து செய்தவரும் இதே ஷிபில்ஸ்கிதான். ஒரே ஆய்வாளரின் ஒரு கட்டுரையை ஒரு முகாமும் மறு கட்டுரையை மறு முகாமும் தூக்கிக்கொண்டு திரிகின்றன. அவர் தன் வேலையைச் செய்திருக்கிறார். இரண்டு முடிவுகளும் ஒன்றையொன்று வெட்டவும் இல்லை. ஒன்று பத்து நிமிடப் பேச்சைப் பற்றியது, மற்றது ஒரு தலைமுறையின் வாழ்வைப் பற்றியது.

ஹைற் சொல்லும் அந்த விளையாட்டுக் குழந்தைப்பருவத்தை எமது வீடுகளுக்குள் கொண்டுவந்து பாருங்கள். எங்களில் பலருடைய குழந்தைப்பருவம் பொம்பர் சத்தம் கேட்டால் பங்கருக்குள் பாய்வதாக இருந்தது. சரி, அது யுத்தம். இங்கு பிறந்த எமது பெண்பிள்ளைகளின் குழந்தைப்பருவம் எப்படி இருந்தது? 2010க்கு முன் அவர்கள் தெருவில் விளையாடிக்கொண்டா இருந்தார்கள்? சக மாணவியின் பிறந்தநாளுக்கு அனுப்ப மறுத்தவர்கள் யார்? பாடசாலைச் சுற்றுலாவுக்கு 'இரவு தங்க ஏலாது' என்று கடிதம் எழுதிக் கொடுத்தவர்கள் யார்? நீச்சல் வகுப்புக்கு? இதைக் கலாசாரம் என்றோம். அறைக்குள் அடைத்து வைத்த பிள்ளைக்குக் கையில் ஒரு யன்னல் கிடைத்தபோது அவள் அதனூடாக வெளியே பார்க்கிறாள். இப்போது 'எந்த நேரமும் அறைக்குள்ளேயே இருக்கிறாள்' என்று மேடையேறி முறைப்பாடு செய்கிறோம்! யன்னலை மூடச் சொல்பவர்கள் கதவைத் திறப்பதைப் பற்றிப் பேசுவதில்லை. ஹைற்றின் நான்கு விதிகளில் எமது மேடைகள் முதல் மூன்றை மட்டும் மொழிபெயர்த்துக்கொண்டன. நான்காவது, சுதந்திரமாக வெளியில் விடு என்பது, வழியில் எங்கோ தவறிவிட்டது.

மற்றது மொழி. பிள்ளை தகப்பனோடு கதைப்பதில்லை என்கிறோம். எந்த மொழியில் கதைப்பது? தகப்பனின் ஜேர்மன் வேலைத்தள ஜேர்மன். பிள்ளையின் தமிழ் சமையலறைத் தமிழ்: சாப்பிட்டேன், வேண்டாம், வாறன், தெரியாது. காதலைப் பற்றியோ, பயத்தைப் பற்றியோ, வகுப்பில் பட்ட அவமானத்தைப் பற்றியோ பேச இரண்டு பேருக்கும் பொதுவான சொற்கள் இல்லை. இந்த மௌனம் ஐபோனுக்கு மூத்தது. காலையில் ஒரு வேலை, மாலையில் றெஸ்ரோறண்டில் கோப்பை கழுவும் வேலை என்று தகப்பன் ஓடிய 1990களில் பிள்ளைகள் தொலைக்காட்சிக்கு முன்னால் வளர்ந்தார்கள். அவர்களுக்கு இப்போது நாற்பது வயது. அவர்களைக் கேட்டால் அந்த வீட்டில் எவ்வளவு கதை நடந்தது என்று சொல்வார்கள்.

*

அப்படியானால் கைத்தொலைபேசி நிரபராதியா? இல்லை. ரேர்க்கிளையும் ஹைற்றையும் விமர்சிப்பவர்களில் ஒரு சாரார், 'அது வெறும் கருவிதான், பாவிப்பவரின் கையில் இருக்கிறது' என்று கதையை முடித்துக்கொள்கிறார்கள். தொழிற்சாலையில் நிற்பவனுக்கு இந்த 'வெறும் கருவி' என்ற சொல் சிரிப்பு மூட்டும். எந்த இயந்திரமும் ஒரு நோக்கத்தோடுதான் செய்யப்படுகிறது. எங்கே கை வைக்கவேண்டும், எத்தனை செக்கனில் எடுக்கவேண்டும் என்பதெல்லாம் யாரோ கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். கைத்தொலைபேசியும் அப்படியே. விரலால் தள்ளத்தள்ள முடிவே இல்லாமல் வந்துகொண்டிருக்கும் பக்கத்தை 2006இல் வடிவமைத்த ஏசா ரஸ்கின், பின்னாளில் அதற்காக வெளிப்படையாக வருந்தினார். நற்றாஷா டௌ ஷூல் என்ற மானிடவியலாளர் லாஸ் வேகாஸ் சூதாட்ட இயந்திரங்களைப் பற்றி 2012இல் எழுதிய நூலில், அங்கு உட்கார்ந்திருப்பவர்களில் பலர் வெல்வதற்காக விளையாடுவதில்லை, நேரமும் உடலும் மறந்துபோகும் அந்த மயக்க நிலையிலேயே தொடர்ந்து இருப்பதற்காக விளையாடுகிறார்கள் என்று காட்டினார். இரவு வேலை முடிந்து வந்து, நித்திரை வராமல், காலை ஏழு மணிக்குக் கட்டிலில் கிடந்து விரலால் தள்ளிக்கொண்டிருப்பவருக்கு இந்நூலை விளக்கத் தேவையில்லை.

கனடிய மார்க்சியரான டல்லஸ் ஸ்மைத் 1977இல் எழுதிய கட்டுரையொன்றில், வணிகத் தொலைக்காட்சி விற்கும் பண்டம் நிகழ்ச்சி அல்ல, அதைப் பார்ப்பவர்களே என்றார். அப்போது மிகைப்படுத்தல் என்று பலர் சொன்னார்கள். இன்று பேஸ்புக், இன்ஸ்ரகிராம், வட்ஸ்அப் மூன்றுக்கும் சொந்தமான மெற்றா நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு வருமானம் ஏறத்தாழ 13,490 கோடி டொலர். அதில் கிட்டத்தட்ட 98 வீதம் விளம்பரத்திலிருந்து வந்தது. நாம் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம்தான் அங்கே விற்கப்படும் சரக்கு.

இதில் ஒரு அகதிக் கதையும் உண்டு. வட்ஸ்அப்பை 2009இல் பிரையன் அக்ரனோடு சேர்ந்து தொடங்கிய ஜான் கூம், உக்ரேனிலிருந்து 1992இல் 16 வயதில் தாயோடு அமெரிக்காவுக்கு வந்தவர். அரசாங்க உணவு முத்திரைக்கு வரிசையில் நின்றவர். தகப்பன் உக்ரேனில். அங்கே தொலைபேசி எடுப்பது பெருஞ்செலவு. விளம்பரம் கிடையாது என்பது அவர்களது ஆரம்பக் கொள்கை. 2014இல் 1,900 கோடி டொலருக்கு அதை பேஸ்புக்குக்கு விற்கும் ஒப்பந்தத்தில், தான் ஒருகாலம் வரிசையில் நின்ற அந்த அலுவலகக் கட்டடத்தின் வாசலில் வைத்தே கையெழுத்திட்டார். 2018இல் வெளியேறினார். 2025இல் வட்ஸ்அப்பில் விளம்பரம் வந்தது. பிரிந்த தகப்பனின் குரலுக்கான ஏக்கத்தோடு பிறந்த கருவி எப்படிப் பண்டமாகிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான வரலாறு வேண்டியதில்லை.

ரேர்க்கிளின் நூலில் என்னை மிகவும் ஏமாற்றியது இந்த இடம்தான். நிறுவனங்கள் எம்மைப் பிடித்து வைக்கும் விதமாகவே இவற்றை வடிவமைக்கின்றன என்பது அவருக்குத் தெரியும், சொல்லவும் செய்கிறார். ஆனால் தீர்வு என்று வரும்போது நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கைத்தொலைபேசியை அலுமாரியில் வைத்துவிட்டுக் குடும்பமாகப் பேசுங்கள் என்ற நல்லொழுக்கப் பாடத்தில் வந்து நிற்கிறார். பட்டியின் வேகத்தைக் குறைக்கச் சொல்லாமல் தொழிலாளிக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுப்பது போன்றது இது.

*

மூன்றாவது நூலுக்கு வருவோம். மிர்க்கா மடியானு, டானியல் மில்லர் இருவரும் எழுதி 2012இல் வெளிவந்த 'மைக்ரேஷன் அன்ட் நியூ மீடியா'. பிலிப்பைன்ஸிலிருந்து பிரித்தானியாவுக்குத் தாதிகளாகவும் வீட்டு வேலையாளர்களாகவும் வந்த தாய்மாரையும், அவர்கள் ஊரில் விட்டுவந்த பிள்ளைகளையும் பற்றிய ஆய்வு. கடிதமும் ஒலிநாடாவும் அனுப்பிய காலத்திலிருந்து கைத்தொலைபேசிக் காலம் வரை வருகிறது. இதன் மையக் கருத்து எளிமையானது. தொடர்புகொள்ளும் செலவு பெரிதாக இருக்கும்வரை, எந்த வழியால் தொடர்புகொண்டாய் என்பதற்கு அர்த்தம் கிடையாது. முடிந்த வழியால் கொண்டாய், அவ்வளவுதான். செலவு இல்லாமல் போய், கைக்குள் பத்து வழிகள் இருக்கும்போது, அழைத்தாயா, எழுதினாயா, முகம் காட்டினாயா, காட்டாமல் விட்டாயா என்ற ஒவ்வொரு தெரிவும் ஒரு செய்தியாகிவிடுகிறது, அதற்கு நீ பொறுப்பாளியாகிவிடுகிறாய்.

இதை வாசித்தபோது எமது சொல் ஒன்று ஞாபகம் வந்தது: 'சும்மா எடுத்தனான்.' ரெலிபோன் காட் சுரண்டி எடுத்த காலத்தில் எவரும் சும்மா எடுப்பதில்லை. 1990இன் நடுவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு மின்சாரமும் இல்லை, தொலைபேசியும் இல்லை. கொழும்பில் லொட்ஜில் தங்கியிருப்பவரோடுதான் பேசலாம். அவர் கொமினிக்கேசனில் காத்திருக்கவேண்டும். பேசினால் காசு, விசா, ஏஜென்சி, அல்லது சாவு. அதையும் திறந்து பேச ஏலாது. யார் கேட்கிறார்கள் என்று தெரியாது. 'அங்கை மழையோ' என்றால் மழையைப் பற்றிக் கேட்கவில்லை என்று இரண்டு பக்கமும் விளங்கிக்கொள்ளும். ரேர்க்கிள் கொண்டாடும் அந்தத் திறந்த உரையாடல் எமக்குத் தொலைபேசியில் ஒருபோதும் வாய்த்ததில்லை. ஆனால் ஒரு வசதி இருந்தது. இன்னும் ஒரு நிமிடம் என்று காட்டிலுள்ள பெண்குரல் அறிவித்துவிடும். எவரையும் நோகடிக்காமல் கதை முடிந்துவிடும். எடுக்காமல் விட்டாலும் காசில்லை என்ற கௌரவமான காரணம் இருந்தது.

இப்போது அந்தக் காரணம் இல்லை. 2014இல் வட்ஸ்அப்பில் நீலச் சரி அடையாளம் வந்தது. வாசித்துவிட்டாய் என்று தெரியும். கடைசியாக எத்தனை மணிக்கு வந்தாய் என்றும் தெரியும். 'இரவு ரெண்டு மணிக்கு ஒன்லைனிலை நிண்டிருக்கிறாய், எனக்கு ஒரு சொல் எழுத நேரமில்லை' என்று ஊரிலிருந்து தாய் கேட்கிறார். இரண்டு மணிக்கு அவன் வேலை முடிந்து பஸ் நேரம் பார்த்திருப்பான் என்பது அவருக்குத் தெரியாது. தமையனுக்குப் படத்தோடு வாழ்த்து, தங்கைக்கு வெறும் கட்டைவிரல். அதிலிருந்து ஒரு வருடக் கோபம். சீட்டுக்காசுப் பிரச்சினையில் பிரியாத குடும்பங்கள் ஊர்க் 'குறூப்'பில் யார் யாரைச் சேர்த்தது, யார் யாரை நீக்கியது என்பதில் பிரிகின்றன. இது தொடர்பின்மையால் வரும் துன்பம் அல்ல. தொடர்பு அளவுக்கு மிஞ்சியதால், அது முழுநேரக் கடமையாகிவிட்டதால் வரும் துன்பம். தனிமை என்ற சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு இதை விளங்கிக்கொள்ள முடியாது.

செத்தவீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கொரோனாவுக்கு முன்பே தொடங்கியது, 2020க்குப் பின் வழமையாகிவிட்டது. ஊரில் தாயோ தகப்பனோ கிடத்தப்பட்டிருக்க, ஒரு பெறாமகன் கைத்தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். வசதியுள்ள வீடென்றால் ஸ்ரூடியோக்காரர் கமராவோடு நேரலை போடுவார். விசா இல்லாததால், லீவு கிடைக்காததால், திரும்பிப்போகப் பயமிருப்பதால் போகமுடியாத பிள்ளைகள் பரிசிலும் டோட்முண்டிலும் ரொறன்ரோவிலும் அதைப் பார்த்து அழுவார்கள். இது போலியானது என்று எவராவது எழுதினால் நான் ஏற்கமாட்டேன். தகப்பன் செத்துப் பதினொரு நாள் கழித்துக் கடிதத்தில் அறிந்தவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் கேளுங்கள் எது மேல் என்று. ஆனால் அந்தப் பெறாமகனையும் பார்க்கவேண்டும். அவன் அழமுடியாது, கை ஆடும். தோள் கொடுக்கமுடியாது. 'முகத்தைக் கிட்டக் காட்டு' என்று ஒரு குரல், 'ஆர் ஆர் வந்திருக்கினம் எண்டு காட்டு' என்று இன்னொரு குரல். அங்கே நிற்பவனின் துக்கத்தைத் தூரத்தில் நிற்பவர்கள் எடுத்துக்கொண்டு விடுகிறார்கள். இந்தக் கணக்கை ரேர்க்கிளின் கதிரைகளாலும் ஹைற்றின் வரைபடங்களாலும் போடமுடியாது.

இவற்றுக்கெல்லாம் மேலே அரசு நிற்கிறது. எம்மைப் போன்றவர்களின் கைத்தொலைபேசி மேசை நாகரிகத்தின் பிரச்சினை மட்டுமல்ல என்பதை அரசுகள் நூலாசிரியர்களைவிட நன்றாக அறிந்திருக்கின்றன. ஜேர்மனியில் 2017இல் வந்த சட்டம், கடவுச்சீட்டுக் காட்டமுடியாத அகதி விண்ணப்பதாரியின் கைத்தொலைபேசியைத் திறந்து வாசிக்க அதிகாரம் கொடுத்தது. யாரோடு பேசினாய், எந்த நாட்டு இலக்கம், எந்த மொழியில் எழுதினாய் என்று பார்த்து நீ யாரென்று தீர்மானிப்பார்களாம். ஆப்கானிஸ்தான் பெண் ஒருவர் தொடுத்த வழக்கில், வேறு இலகுவான வழிகளைப் பார்க்காமல் எடுத்த எடுப்பிலேயே அப்படிச் செய்தது சட்டவிரோதம் என்று கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் 2023 பெப்ரவரியில் தீர்ப்பளித்தது. 2024இல் சட்டத்தைத் திருத்தி அதிகாரத்தை மேலும் விரித்தார்கள். தாயோடு பேசியது சாட்சியமாகிறது. மனித உறவுக்குக் கைத்தொலைபேசி செய்யும் தீங்கு பற்றி எழுதுபவர்கள் இதையும் ஒரு அத்தியாயமாகச் சேர்த்திருக்கலாம்.

மடியானுவும் மில்லரும் இதைவிட நேர்மையாக இன்னொரு காரியம் செய்திருக்கிறார்கள். தாய்மாரைக் கேட்டதோடு நிற்காமல் பிலிப்பைன்ஸுக்குப் போய்ப் பிள்ளைகளையும் கேட்டார்கள். தாய்மாரில் பலர் கைத்தொலைபேசியால் தூரத்திலிருந்தும் தாயாக இருக்க முடிகிறது என்றார்கள். பிள்ளைகள் அப்படிச் சொல்லவில்லை. சிலருக்கு அது நன்றாக அமைந்தது. பலருக்கு அது இடைவிடாத விசாரணையாக, கண்காணிப்பாக இருந்தது. தாய் போகும்போது பிள்ளைக்கு என்ன வயது, அதற்கு முன் உறவு எப்படி இருந்தது என்பதையெல்லாம் பொறுத்து விடை மாறியது. ஒரே தொலைபேசி அழைப்பை இரண்டு முனைகளும் இரண்டு விதமாகக் கேட்டிருக்கின்றன.

எமது பக்கத்தில் இதுவரை ஒரு முனைதான் பேசியிருக்கிறது. இக்கட்டுரையும் அந்த முனையிலிருந்துதான் எழுதப்படுகிறது. மத்திய கிழக்குக்குத் தாயை அனுப்பிவிட்டு அம்மம்மாவோடு வளர்ந்தவர்கள் மன்னாரிலும் மட்டக்களப்பிலும் இருக்கிறார்கள். தகப்பன் ஐரோப்பாவில் வழக்கு முடியக் காத்திருந்த ஒன்பது வருடமும் அவரைத் திரையில் மட்டும் கண்டு, பிறகு விமான நிலையத்தில் 'இவர்தான் அப்பா' என்று சந்தித்தவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். 'அம்மம்மாவுக்கு ஒரு ஹலோ சொல்லு' என்று முகத்துக்கு முன்னால் நீட்டப்பட்ட திரையிலிருந்து ஓடித் தப்பிய பிள்ளைகள் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறார்கள். அடுத்த இதழில் இதற்கு மறுப்பு எழுத நினைக்கும் எனது வயதுக்காரர்கள், பேனையை முதலில் அவர்களிடம் கொடுத்துப் பார்க்கட்டும். ஜேர்மன் மொழியில் எழுதினாலும் பரவாயில்லை. தமிழாக்கித் தர நான் தயார். ஆனால் இந்த மாதம் எனக்கு இரவு வேலை, வார இறுதியில்தான் உட்கார முடியும்.